ஒரு விரல் உயரம்

போன வாரம் ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டதோடு கதை நின்றது. சாத்தியது தங்கை. சாத்தப்பட்டது அண்ணியின் முகத்துக்கு நேராக. நடுவில் சமாதானம் பேசப் போய் மூக்கைக் கொடுத்தவன் நம் மெக்கானிக்.

கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்குதான் இரண்டு நாள் சிவந்திருந்தது.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காக நாலு வரி. மெக்கானிக்குக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஊரில் இருப்பவர்களையெல்லாம் பத்திரமாக மேலே ஏற்றிக் கீழே இறக்கத் தெரிந்த ஆள், சொந்த வீட்டில் இரண்டு மாடிகளுக்கு இடையில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி நின்றுகொண்டிருக்கிறான். ஒரு மாடி அவன் மனைவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். இன்னொரு மாடி அவன் தங்கை. பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் உட்கார்ந்து ஊரார் பல்வலியையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறவள். இரண்டு பேருக்கும் வாலிபால் பைத்தியம். இரண்டு பேரும் வலைக்கு முன்னால் எகிறி அடிக்கிறவர்கள். கிளப்பின் பெண்கள் அணியில் அப்படி எகிறி அடிக்கிறவளுக்கு மிச்சமிருப்பதோ ஒரே ஓர் இடம்.

அந்த இடம் யாருக்கு என்று இந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும்.

மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் தங்கை அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். அதனால் அவளுக்கு அண்ணி வைத்த பெயர் வாண்டு. மொட்டைமாடியில் துணி காயும் கயிற்றை வலையாக்கி இருவரும் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த பந்துகளுக்குக் கணக்கே கிடையாது. வாண்டு வளர்ந்தாள். இப்போது இருவரும் ஒரே உயரம். நின்றபடி கையைத் தூக்கினால் விரல்நுனிகூட ஒரே இடத்தில்தான் முடியும். ஒருத்தியின் சட்டையை இன்னொருத்தி போட்டுக்கொள்வாள், திருப்பிக் கேட்டால் இது என்னுடையது என்று சாதிப்பாள். மூன்று வாரமாக அந்தச் சண்டைகூட இல்லை. வாண்டு "அவ" ஆகிவிட்டாள். அண்ணி "அவங்க" ஆகிவிட்டாள்.

மெக்கானிக்கின் அம்மா கெட்டிக்காரி. "எவ ஜெயிச்சாலும் இன்னொருத்தி பாத்திரத்தை உருட்டுவா. எனக்கு என் காது முக்கியம்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

மெக்கானிக்கும் கூடப் போயிருக்கலாம். போகவில்லை. வீட்டிலேயே இருந்ததுகூடப் பரவாயில்லை. வாயைத் திறந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் வாளி எடுத்துக் கொடுத்தான்.

"என்னங்க, உங்க தங்கச்சி கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னதான் பண்றா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கதவைச் சாத்தினப்போ உங்க மூக்கு உள்ளதானே இருந்துச்சு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மூன்று வாரம் கழித்து வந்த சிரிப்பு. அதில் ஆள் அவுட். கதவு சாத்துவதற்கு முன்னும் பின்னும் பார்த்ததையெல்லாம் கடகடவென்று ஒப்பித்துவிட்டான். தங்கை முதலில் முழங்காலை நெஞ்சுவரை தூக்கித் தூக்கி நின்ற இடத்திலேயே ஓடுவாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக முன்னும் பின்னும் வீசுவாள். அப்புறம் ஒரு காலை நீள எட்டு வைத்து, தாழ்ந்து, எழுந்து, அடுத்த காலை வைத்து, அப்படியே அறையைச் சுற்றி வருவாள். கடைசியில் சின்னதாகக் குதிக்க ஆரம்பித்து, போகப் போகப் பெரிதாகக் குதிப்பாள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிக்கும்வரை குதிப்பாள்.

"உட்கார்ந்து காலை இழுத்துப் பிடிக்கிறதே இல்லையா?"

"நான் பார்த்தவரைக்கும் ஒரு இடத்துல உட்காரவே இல்ல."

"நீங்க சொன்னீங்கன்னு அவளுக்குத் தெரியக்கூடாது."

"சேச்சே. நான் ஏன் சொல்றேன்?"

வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தால் சமையலறை வாசலில் தங்கை நிற்கிறாள்.

"அண்ணா, அண்ணி மாடியில தனியா என்ன பண்றாங்க? நேத்து மைதானத்துல என்னைவிட மேல தொட்டாங்க."

மெக்கானிக் நியாயஸ்தன். ஒருத்திக்குச் சொன்னதை இன்னொருத்திக்குச் சொல்லாமல் விட்டால் அது ஓரவஞ்சனை அல்லவா? மனைவியின் ரகசியத்தையும் எடுத்து வைத்தான். அவள் காலை நீட்டி உட்காருவாள். கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நெற்றி முழங்காலில் படும்வரை குனிவாள். குனிந்தபடியே சிலையாக இருப்பாள். பள்ளிக்கூட அணியில் ஆடிய காலத்திலிருந்தே ஆட்டத்துக்கு முன்னால் அவளுக்கு அதுதான் பழக்கம். வலி எடுக்கும்வரை இழுக்கவேண்டும், வலி அடங்கும்வரை விடக்கூடாது.

"அதுதான் அவ பலமே" என்று கடைசியில் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டான்.

அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டில் ஏதோ இடம் மாறியிருப்பதுபோல் அவனுக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. வழக்கமாகத் தங்கையின் அறையிலிருந்து கேட்கும் திம் திம் சத்தம் இன்று தலைக்கு மேலிருந்து கேட்டது. கீழ்வீட்டுக்காரர் குழம்பிப்போயிருக்க வேண்டும், துடைப்பக் கட்டை ஓசையே இல்லை.

மாடிப்படியில் நாலு படி ஏறி எட்டிப் பார்த்தான். மனைவி முழங்காலை நெஞ்சுவரை தூக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்து தங்கையின் அறைக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி முழங்காலை முறைத்துக்கொண்டிருந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் பல்லை அப்படிக் கடிக்கலாமா என்பது வேறு விஷயம்.

மெக்கானிக் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? ஒருத்தியிடம் சொன்னால் இன்னொருத்தியைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். இரண்டு பேரையும் காட்டிக்கொடுத்தாகிவிட்டது என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. பேசாமல் போய் டீ போட்டான். அதில் சர்க்கரை போட மறந்தான். மூன்று பேரும் அதைக் குடித்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை.

மைதானத்துக்கு மூன்று பேரும் வேனில்தான் போனார்கள். மனைவி ஓட்டினாள். தங்கை கடைசி வரிசையில் சின்னக் குழந்தைகளுக்கான இருக்கையில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, அந்த இடிப்பையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டாள்.

விசில் டீச்சர் ஏற்கெனவே வந்திருந்தார். பயிற்சியாளர் என்பது அவர் பதவி. விசிலை அவர் வாயிலிருந்து எடுப்பது சாப்பிடவும் திட்டவும் மட்டும்தான். மற்றதெல்லாம் விசில் வழியாகவே வரும். அவருக்குப் பின்னால் பெஞ்சில், ஏற்கெனவே இடம் கிடைத்த பெண்கள் வாழைப்பழம் உரித்தபடி வேடிக்கை பார்க்கத் தயாராக இருந்தார்கள்.

மைதானத்து ஓரத்தில் பச்சை வண்ணம் அடித்த ஓர் இரும்புக் கம்பம். அதில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்புப் பிடிகள் போட்டு, போல்ட்டால் இறுக்கிய ஒரு கறுப்புப் பலகை. பலகையில் ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகள். விரலில் சாக்பீஸ் மாவைத் தடவிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து எகிறி, எட்டிய இடத்தில் ஒரு தட்டு. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றில் எது உயரமோ அதுதான் கணக்கு.

"சமமா தொட்டா என்ன டீச்சர்?" என்று கேட்டாள் தங்கை.

டீச்சர் விசிலை எடுத்தார். "சமமா தொட்டா அதிகமா மேட்ச் ஆடினவளுக்கு இடம். அதாவது மூத்தவளுக்கு."

"மூத்தவன்னு சொல்லாதீங்க டீச்சர். அனுபவசாலின்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

விசில் மறுபடி வாய்க்குள் போனது. ஊதியது.

முதல் ஆள் மனைவி. இரண்டு கையையும் பின்னுக்கு வீசி, குனிந்து, எகிறினாள். மெக்கானிக் வாயைப் பிளந்தான். அவள் இத்தனை லேசாக மேலே போய் அவன் பார்த்ததே இல்லை. பலகையில் சாக்பீஸ் தடம் நன்றாக மேலே விழுந்தது. இறங்கியவள் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டாள், யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போன கால் மாதிரி.

அடுத்தது தங்கை. எகிறினாள். பெஞ்சில் வாழைப்பழம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அண்ணியின் தடத்துக்கு ஒரு சாண் கீழே, அவள் சாதாரணமாகத் தொடும் உயரத்துக்கே எத்தனையோ கோடு கீழே தட்டியிருந்தாள்.

ஓரமாகப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். கட்டைவிரலைப் பிடித்தாள். இழுத்தது போதவில்லை என்று நினைத்திருப்பாள்போல, முன்னைவிட அதிக நேரம் பிடித்தாள்.

இரண்டாவது சுற்றில் மனைவி இன்னும் ஒரு கோடு மேலே ஏறினாள். தங்கை இன்னும் ஒரு கோடு கீழே இறங்கினாள். மறுபடி போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை நெற்றி முழங்காலைத் தொட்டுவிட்டது. அந்தச் சாதனையைப் பாராட்ட அங்கே யாரும் இல்லை.

மூன்றாவதாக மனைவி எகிறியது இரண்டாவதைத் தாண்டவில்லை. அவள் கணக்கு முடிந்தது. டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். மிச்சமிருப்பது தங்கையின் கடைசி வாய்ப்பு ஒன்றுதான்.

மனைவி கையைத் தட்டிச் சாக்பீஸ் மாவை உதறிக்கொண்டே மெக்கானிக் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவ ஏன் அப்படி உட்கார்ந்துகிட்டிருக்கா?"

"தெரியலையே."

"அது நான் செய்றது. அவ என்னைக்குமே அப்படிச் செஞ்சதில்லைன்னு நீங்கதானே நேத்து சொன்னீங்க?"

அவன் வானத்தைப் பார்த்தான். அங்கே உதவி எதுவும் இல்லை.

"என்ன சொன்னீங்க அவகிட்ட?"

சொன்னான். சொந்தச் சரக்கு உட்பட எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டான். அவள் கத்தவில்லை.

"இன்னிக்குக் காலையில மாடியில குதிச்சு முடிச்சப்போதான் எனக்கே புரிஞ்சுதுங்க. இத்தனை வருஷமா ஒவ்வொரு மேட்சுலயும் முதல் செட்டுல என் கால் எழும்பவே எழும்பாது. பயம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பயமில்ல. குதிக்கப் போற காலை அந்த இழு இழுத்துத் தூங்க வச்சிட்டு, அப்புறம் குதின்னா அது எப்படிக் குதிக்கும்? இப்ப அவ கால் ரெண்டும் தூங்குது."

"இப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணலைன்னா இடம் எனக்கு."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது பலகையில் இருக்கும் தன் தடத்தைப் பார்த்தாள். அவள் சொல்லிவிட வேண்டும் என்று மெக்கானிக்குக்கு இருந்தது. சொல்லாமலிருக்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அடுத்த வருஷம் இருக்குல்ல" என்று பொதுவாகச் சொல்லிவைத்தான். யாருக்கு என்று சொல்லவில்லை.

"அடுத்த வருஷம் அவளுக்கு இருக்கு. எனக்கு இருக்கான்னு தெரியாது. மாடிப்படி ஏறும்போதே முழங்கால் ரெண்டும் என்கிட்ட நியாயம் கேக்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா இப்படி ஜெயிச்சேன்னு வைங்க, வீட்டுல அவ முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தூங்குற கால்தான் தெரியும். அந்தத் தொல்லை எனக்கு வேணாம்."

விறுவிறுவென்று போய்த் தங்கைக்கு முன்னால் நின்றாள்.

"வாண்டு, எழுந்திரு."

மூன்று வாரமாகக் காதில் விழாத பெயர். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, குரல் மட்டும் விறைப்பாக இருந்தது.

"எதுக்கு? நான் நல்லா செஞ்சிடுவேன்னு பயமா, அண்ணி?"

"நீ இன்னும் இப்படியே உட்கார்ந்திருந்தா படுத்தே தூங்கிடுவ. எழுந்து ஓடு. முழங்காலைத் தூக்கு, காலை வீசு. உன் ரூமுல செய்வியே, அதைச் செய்."

"என் ரூமுல நான் என்ன செய்றேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் இழுத்துப் பிடிக்கிறது உனக்கு எப்படித் தெரியுமோ, அப்படித்தான்."

ஒரு நிமிஷம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

"ஓடு. அந்த ஆளை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் மனைவி.

ஓடினார்கள். அண்ணி ஓடவேண்டிய அவசியமே இல்லை, அவள் கணக்கு முடிந்தாயிற்று. ஆனாலும் கூடவே ஓடினாள். அவர்கள் அவனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பேச்சு துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படித்தானா?"

"பொறந்ததுலேருந்தே, அண்ணி."

அடுத்த சுற்றில், "வாளியைக் கையில வச்சுக்கிட்டே ஒப்பிச்சாரு."

"என்கிட்ட ஒரு டம்ளர் தண்ணிகூடக் கேக்காம ஒப்பிச்சான்."

தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு விசில் டீச்சர் எழுந்தார். விசில் ஊதியது. கடைசி வாய்ப்பு, வா என்று அதற்கு அர்த்தம். தங்கை அப்போதுதான் மைதானத்துச் சுவரைப் பிடித்துக் காலை வீச ஆரம்பித்திருந்தாள். தூரத்திலிருந்து மனைவி மெக்கானிக்கைப் பார்த்து ஒரு கண் காட்டினாள். ஏதாவது செய்யுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வாருங்கள், கவனித்துக்கொள்கிறேன் என்ற கண்.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்தான். "டீச்சர், பலகை ஆடுது."

"இவ்வளவு நேரம் ஆடலையே."

"எனக்கு இதுதானே தொழில். காதுலயே கேக்குது."

டீச்சர் பதில் சொல்வதற்குள் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டான். அவன் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பானரும், மட்டம் பார்க்கும் குமிழி வைத்த ஒரு சின்ன ரசமட்டமும் இருக்கும். ரசமட்டத்தைப் பலகையின் தலையில் வைத்தான். கண்ணை இடுக்கிப் பார்த்தான். உச்சுக்கொட்டினான். உண்மையில் பலகை கச்சிதமாகத்தான் இருந்தது. உச்சுக்கொட்டுவதில் மட்டும் ஒரு நிமிஷம் போனது.

அப்புறம் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டான். மேலே ஒன்றைத் தளர்த்தினால் அதை முடுக்கிவிட்டுத்தான் கீழே ஒன்றைத் தொடவேண்டும், அதுதான் முறை. ஆனால் அவசர அவசரமாக மெதுவாக வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கண் பின்னால் இருந்தது. தங்கை நீள எட்டு வைத்துத் தாழ்ந்து எழுந்து வந்துகொண்டிருந்தாள், இன்னும் குதிக்க ஆரம்பிக்கவில்லை. நேரம் போதாது. இரண்டு போல்ட்டையும் சேர்த்தே தளர்த்தினான். பலகை லேசாக அவன் உள்ளங்கையில் உட்கார்ந்தது. தாங்கிக்கொண்டான். ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை இப்படி அப்படி நகர்த்தினான்.

"ஒரு பலகைக்கே இவ்வளவு நேரம்னா லிஃப்ட்டுக்கு எவ்வளவு நேரம் எடுப்பீங்க?" என்றார் டீச்சர்.

"உள்ள ஆள் மாட்டியிருந்தா கொஞ்சம் சீக்கிரம் முடிப்பேன் டீச்சர்."

டீச்சர் திரும்பி அந்த இரண்டு பெண்களையும் பார்த்தார். தங்கை சின்னதாகக் குதிக்க ஆரம்பித்திருந்தாள். பிறகு கொஞ்சம் பெரிதாக. பிறகு இன்னும் பெரிதாக.

"இப்பதான் புத்தி வந்துச்சா இவளுக்கு? ரப்பர் பேண்டை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருந்தா, அப்புறம் எப்படிச் சுண்டும்?"

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"கேட்டாளா?"

மெக்கானிக் முடுக்கி முடித்தான். ஸ்டூலிலிருந்து இறங்கி, ரசமட்டத்தைத் துடைத்து, "மட்டம் இப்ப கச்சிதம்" என்றான்.

விசில் ஊதியது.

தங்கை விரலில் மாவைத் தொட்டாள். முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. அண்ணியை ஒரு தடவை பார்த்தாள். கையைப் பின்னுக்கு வீசினாள். எகிறினாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தடம் எங்கே விழுந்தது என்று தெரிய டீச்சரே கிட்டப் போய்ப் பார்க்கவேண்டியிருந்தது. அண்ணியின் இரண்டாவது தடம் ஒரு கோட்டில் இருந்தது. தங்கையின் தடம் அதற்கு அடுத்த மேல்கோட்டில் இருந்தது. ஒரு விரல் உயரம்.

முதலில் கை தட்டியது மனைவிதான். நன்றாக ஓசை வரும்படி தட்டினாள். தங்கை ஓடி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது முதுகில் தட்டிக் கொடுத்து, "போதும், சட்டையெல்லாம் மாவு" என்றாள். "அது என் சட்டை அண்ணி" என்றாள் தங்கை. மூன்று வாரத்துக்குப் பிறகு வீட்டுச் சண்டை வீட்டுக்குத் திரும்பியது.

ஆனால் தங்கை சீருடை வாங்கிக்கொள்ளப் போனதும் மனைவி தன் சுண்டுவிரலைத் தூக்கி அதன் அகலத்தைப் பார்த்ததை மெக்கானிக் கவனித்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்து, கன்னத்தில் மாவைப் பூசிக்கொண்டாள்.

அதைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பியவனின் கண்ணில் கம்பம் பட்டது.

கம்பத்துக்குப் பச்சை வண்ணம் அடித்தவர்கள் பலகையைக் கழற்றாமலே அடித்திருக்கிறார்கள். அதனால் பிடிகள் இருந்த இடத்துக்குள் வண்ணம் போகவில்லை. இப்போது மேல்பிடிக்கு மேலே, பச்சைக்கு நடுவில், துருப்பிடித்த பட்டை ஒன்று பளிச்சென்று தெரிந்தது. காலையில் அது இல்லை. காலையில் அந்த இடத்தில் பிடி இருந்தது.

மெக்கானிக் ஸ்டூலை எடுத்துவைக்கிற சாக்கில் மறுபடி ஏறினான். துருப்பட்டையின் மேல் தன் விரலைக் குறுக்காக வைத்தான். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

தினமும் லிஃப்ட்டைத் தரைக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அவன் பிழைப்பு. மட்டம் பார்த்தான். மட்டம் பார்க்கிற மும்முரத்தில் உயரம் பார்க்கவில்லை. பலகை ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. தங்கை எட்டிய மேல்கோடு, பலகை இறங்குமுன் அண்ணி எட்டிய அதே உயரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் சமம்.

சமமா தொட்டா மூத்தவளுக்கு இடம்.

அங்கே டீச்சர் சீருடையை நீட்ட, தங்கை அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இங்கே மனைவி வேனின் கதவைத் திறந்து, கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கண்ணாடியைத் துடைத்தாள்.

வேன் கிளம்பியது. இந்தத் தடவை தங்கை பின்னால் போகவில்லை. முன்சீட்டில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெக்கானிக்குக்குக் கிடைத்தது குழந்தைகள் இருக்கை. முழங்கால் தாடையில் இடித்தது. பையிலிருந்த ஸ்பானர் தொடையில் குத்தியது.

"நாளையிலேருந்து ரெண்டு பேரும் சேர்ந்தே மாடியில பண்ணலாம் அண்ணி."

"சரி. காலை இழுக்கிறதெல்லாம் ஆட்டம் முடிஞ்ச பிறகுதான். ஒத்துக்கிறேன்."

வேன் மைதானத்து வாசலை நோக்கி ஊர்ந்தது. இருவரும் சிரித்துப் பேசுவதைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் முழுக்க ஒரு விரல் துருவின் மேல் நிற்கிறது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போதே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினான்.

"ஒரு விஷயம் சொல்லணும்..."

"நீங்க பேசாதீங்க" என்றாள் மனைவி.

"நீ பேசாதே அண்ணா" என்றாள் தங்கை.

"இல்ல, இது முக்கியமான..."

"நேத்தும் முக்கியமாத்தான் சொன்ன. நான் ஆடப்போற போட்டி முடியற வரைக்கும் வாலிபாலைப் பத்தி எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. சத்தியம் பண்ணு."

"பண்ணுங்க. அந்த ரசமட்டத்து மேல அடிச்சுப் பண்ணுங்க" என்றாள் மனைவி, கண்ணாடியில் அவனைப் பார்த்தபடி. "அப்பதான் நான் நம்புவேன்."

மெக்கானிக் ரசமட்டத்தை எடுத்தான். வேன் ஆட்டத்தில் குமிழி நடுவில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. அதன்மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தான்.

வாசலில் திரும்புவதற்காக வேன் நின்றது. பின்கண்ணாடி வழியாக மைதானம் தெரிந்தது. விசில் டீச்சர் ஸ்டூலின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் அளக்கும் டேப். இன்னொரு கையின் விரலைக் கம்பத்தின்மேல் குறுக்காக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வேன் நின்ற திசையைப் பார்த்தார். விசில் நீளமாக ஊதியது.

"யாருக்கு ஊதுறாங்க டீச்சர்?" என்றாள் தங்கை.

இரண்டு பேரும் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார்கள். மெக்கானிக் ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, செய்த சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.